ஓவன் வேண்டாம்: கிறிஸ்துமஸ் விருந்தாளிகளுக்குத் தயிர்ச் சீஸ் உருண்டை

கிறிஸ்துமஸ் அன்று பெரம்பூரில் எங்கள் தெருவில் நான்கு வீடு ஏறி இறங்கினால் போதும், இனிப்பைக் கண்டாலே முகம் திரும்பிவிடும். பிளம் கேக், கல்கல், அச்சு முறுக்கு, ரவா லட்டு, மறுபடியும் கேக். பதினொரு மணிக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தட்டைப் பார்த்ததுமே "இப்போதுதான் சாப்பிட்டோம்" என்று கையை ஆட்டுவார்கள். மூன்று வருடங்களாக அந்தத் தட்டில் கேக்குக்குப் பக்கத்தில் புளிப்பும் உப்பும் காரமுமாக ஒரு சின்ன உருண்டையும் இருக்கிறது. கேக் மிஞ்சுகிறது, உருண்டை மிஞ்சுவதில்லை.

தயிரைத் துணியில் கட்டி, தண்ணீரை முழுக்க வடித்து, உருட்டி, மேலே பொடி தூவுவதுதான் செய்முறை. லெபனான், சிரியா, பாலஸ்தீனப் பக்கத்தில் இதை லப்னே என்பார்கள். அங்கே காலை உணவுக்குத் தட்டில் பரப்பி மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். உருண்டையாக்கி எண்ணெயில் ஊறப்போட்டும் வைப்பார்கள். மஸ்கட்டில் செவிலியராக இருந்த என் அக்கா அங்கே ஒரு லெபனான்காரத் தோழியிடம் கற்றுக்கொண்டு வந்தாள். அவளிடமிருந்து எனக்கு வந்தது. இங்கே வந்ததும் மேலே தூவும் பொடி மட்டும் மாறிவிட்டது.

ஓவன் இல்லாதவர்கள், இருந்தாலும் டிசம்பர் 24 அன்று அது முழுக்கக் கேக்குக்கே போய்விடும் வீட்டுக்காரர்கள், இருவருக்கும் இது தோது. பால் காய்ச்சவும் பொடி வறுக்கவும் அடுப்பு வேண்டும், அவ்வளவுதான்.

தேவையானவை

கொழுப்பு நிறைந்த பால் ஒரு லிட்டர். ஆவினில் ஆரஞ்சு பாக்கெட், 6 சதவீதம் கொழுப்பு. நீல பாக்கெட்டில் பாதிதான், 3 சதவீதம். அதிலும் தயிர் உறையும், வடியும். ஆனால் கடைசியில் கைக்கு வருவது குறைவு, வாயில் போட்டால் சுண்ணாம்பு மாதிரி வறட்சியாக இருக்கும். உடம்புக்கு நல்லது என்று கொழுப்பில்லாத பாலில் இதைச் செய்யப் போகிறவர்கள் தயவுசெய்து வெள்ளரிக்காய் நறுக்கி வையுங்கள், அது இன்னும் நல்லது.

உப்பு ஒரு டீஸ்பூன். பழைய மல் வேட்டித் துணி, இரண்டு முழம். ஆழமான ஒரு பாத்திரம், அதன் வாயில் உட்காரும் வடிதட்டு. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 25 உருண்டை வரும்.

தயிர்

உறை ஊற்றத் தெரியாதவர்களுக்கு இந்தப் பதிவில் இடமில்லை, பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது ஒன்றே ஒன்று: பால் பொங்கியதும் இறக்கிவிடாமல் சிறு தீயில் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே காயவிடுங்கள். தயிர் கெட்டியாக உறையும். ஆடை படிந்தால் எடுத்துவிடுங்கள். அது பிறகு உருண்டைக்குள் நூல் நூலாகச் சிக்கும். இரவு உறை ஊற்றி, காலையில் உறைந்ததுமே ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். புளித்த தயிரில் தொடங்கினால் அந்தப் புளிப்பு குறையவே குறையாது.

வடித்தல்

நான் மூன்று முறை தோற்றது இங்கேதான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் முறை, சினிமாவில் பனீர் கட்டுவதைப் பார்த்த நினைவில், தயிரைத் துணியில் மூட்டையாகக் கட்டிச் சமையலறைக் குழாயில் தொங்கவிட்டுப் படுத்துவிட்டேன். டிசம்பர்தானே, குளிர்தானே என்று நினைப்பு. சென்னையில் டிசம்பர் குளிர் ஸ்வெட்டர் விற்பவருக்குத்தான் தெரியும், தயிருக்குத் தெரியாது. காலையில் மூட்டையை அவிழ்த்தால் வாசலுக்கே புளிப்பு வாடை போயிற்று. அதை மோர்க்குழம்பாக்கித் தீர்த்தோம்.

இரண்டாம் முறை ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். ஆனால் பாத்திரம் ஆழம் போதவில்லை. வடிந்த தண்ணீர் மேலேறி வடிதட்டின் அடியைத் தொட்டுவிட்டது. தயிர் தன் தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தது; பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் மேல்பாதி கெட்டி, கீழ்ப்பாதி கூழ். ஒரு லிட்டர் தயிரிலிருந்து அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வரும் என்று எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாம் முறை பாத்திரம் சரி, ஃபிரிட்ஜ் சரி, பொறுமை மட்டும் இல்லை. சீக்கிரம் வடியட்டும் என்று கட்டிய உடனே மேலே ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தைத் தூக்கி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் துணியின் இழை வழியாக இடியாப்பம் பிழிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தயிரே கீழே இறங்கியிருந்தது. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எப்போது பாரம் வைத்தாய்?"

"கட்டினதுமே வைத்துவிட்டேன்."

"தயிர் முதலில் தானாகத் தோல் கட்ட வேண்டுமடி. எட்டு மணி நேரம் அதைச் சும்மா விடு. துணியோடு ஒட்டின பக்கம் கெட்டிப்பட்ட பிறகு எவ்வளவு பாரம் வைத்தாலும் தண்ணீர்தான் வரும், தயிர் வராது."

இதைத்தான் எந்தச் செய்முறையிலும் நான் பார்க்கவில்லை. "பாரம் வைக்கவும்" என்றிருக்கும், எப்போது என்றிருக்காது.

ஆகவே இப்போது நான் செய்வது இப்படி. துணியை வெறும் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டுப் பிழிந்துகொள்கிறேன். (வாசனைத் திரவத்தில் அலசிய கைக்குட்டையை ஒருமுறை பயன்படுத்தி, மல்லிகைப்பூ மணக்கும் சீஸ் சாப்பிட்ட குடும்பம் எங்களுடையது.) குளிர்ந்த தயிரில் உப்பைப் போட்டு இரண்டே சுற்றுக் கலக்குகிறேன். உப்பு சுவைக்கு மட்டுமல்ல, தண்ணீரையும் இழுத்து வெளியே தள்ளும். வடிதட்டில் துணியை விரித்து, தயிரை ஊற்றி, நான்கு முனையையும் மேலே மடித்துவிட்டு, பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைக்கிறேன். தொங்கவிடவே வேண்டாம். தட்டின் அடிக்கும் பாத்திரத்தின் அடிக்கும் இடையே ஒரு டம்ளர் உயரம் இருக்க வேண்டும். எட்டு மணி நேரம் கழித்து வடிந்த தண்ணீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, துணிமேல் ஒரு சின்னத் தட்டு, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய சொம்பு. மொத்தம் 24 மணி நேரம்.

வடிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? மணியைப் பார்க்காதீர்கள். துணியைப் பிரித்தால் தயிர் துணியில் ஒட்டாமல் தகடாக விட்டு வர வேண்டும். சுண்டுவிரலால் குத்தினால் குழி அப்படியே நிற்க வேண்டும், ஓரத்தில் நீர் கசியக் கூடாது. என் சமையலறைத் தராசில் போனமுறை 380 கிராம் இருந்தது. 450 கிராமுக்கு மேல் இருந்தால் இன்னும் நீர் இருக்கிறது என்று மறுபடியும் கட்டிவிடுவேன்.

வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் விடலாம். உப்பு ஏற்கெனவே இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வடிதட்டு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. எவர்சில்வர்தான். பிளாஸ்டிக் வடிதட்டு நேற்று வடித்த மீன் குழம்புப் புளியை இன்று தயிருக்குச் சொல்லிக்கொடுக்கும். இதற்கென்றே நுண்வலை வைத்த டப்பாக்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒன்று வாங்கினேன், வலையின் இடுக்கில் சிக்கியதைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போய் இப்போது அதில் கொத்தமல்லி வைக்கிறேன்.

உருட்டுதல்

கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு, பெரிய நெல்லிக்காய் அளவுக்கு உருட்டுங்கள், ஒன்று 15 கிராம். எலுமிச்சை அளவுக்கு உருட்டினால் ஒரே வாயில் போகாது; கடித்துவிட்டு மீதியை எங்கே வைப்பது என்று விருந்தாளி தவிப்பார். தட்டில் சுத்தமான துணியை விரித்து, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மூடாமல் ஃபிரிட்ஜில் ஆறு மணி நேரம். மூடினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும். இந்த ஆறு மணி நேரத்தில் மேல்புறம் உலர்ந்து லேசான தோல் கட்டும். இதைத் தவிர்த்தீர்களானால் மேசைக்கு வந்த அரை மணியில் உருண்டை எல்லாம் குட்டி ஊத்தப்பமாக உட்கார்ந்துவிடும்.

பொடி

எங்கள் வீட்டில் மூன்று. மொறுமொறுப்பாக வறுத்த கறிவேப்பிலையைக் கையால் நொறுக்கியது. ஒன்றிரண்டாக இடித்த மிளகும் சீரகமும், இரண்டுக்கு ஒன்று கணக்கில். வறுத்த வெள்ளை எள்ளோடு சிட்டிகை மிளகாய்த் தூள். மூன்றையும் ஒரே தட்டில் வரிசையாக அடுக்கினால் பச்சை, கறுப்பு, சிவப்பு என்று பார்க்கவே பண்டிகை.

இட்லி மிளகாய்ப் பொடியும் அருமையாகத்தான் இருக்கும், ஆனால் அதில் உப்பு இருக்கிறது. உப்பு உருண்டைக்குள்ளிருக்கும் மிச்ச நீரையும் மேலே இழுத்துவிடும். பருப்பு அதைக் குடித்துச் சேறாகும். முந்தின நாள் இரவே புரட்டி வைத்துவிட்டு நிம்மதியாகப் பூசைக்குப் போய்வந்த ஆண்டு, காலையில் திறந்தால் எல்லாம் செங்கல் நிறத்தில் வழவழவென்று இருந்தன. இட்லிப் பொடிதான் வேண்டும் என்றால் உப்பில்லாமல் தனியாக அரையுங்கள். எந்தப் பொடியாக இருந்தாலும் தட்டு மேசைக்குப் போகுமுன் பத்து நிமிடத்துக்குள் புரட்டுங்கள்.

நாள் கணக்கு: 22 இரவு உறை, 23 காலை துணி, 24 காலை உருட்டல், 25 காலை பொடி. ஒருமுறைக்குப் பத்துப் பத்தாக வெளியே எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம், இது பால் பொருள்.

பிள்ளைகளுக்கு

காரமும் புளிப்பும் வேண்டாம் என்கிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்குப் பல்குத்தும் குச்சியில் சீஸும் பழமும். அமுல் சீஸ் க்யூப் 200 கிராம் பெட்டியில் எட்டு இருக்கும். ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் 32. அன்னாசியைக் குத்துவதானால் டிஷ்யூவில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டுக் குத்துங்கள். திராட்சையில் விதையில்லாதது கிடைத்தால் மட்டும். கம்பம் பன்னீர் திராட்சை மணத்தில் ராஜாதான், ஆனால் கொட்டையைத் துப்ப இடம் தேடி ஏழு பிள்ளைகள் சோபாவைச் சுற்றி ஓடியதைப் பார்த்த பிறகு அதைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் குச்சியே வேண்டாம், திராட்சையையும் நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள்.

பதிவு வந்த பிறகு சேர்த்தவை

கனடாவிலிருந்து ஒருவர், கிரீக் யோகர்ட்டில் செய்யலாமா என்று கேட்டிருந்தார். செய்யலாம். அது ஏற்கெனவே பாதி வடித்தது, பன்னிரண்டு மணி நேரமே போதும். ஆனால் டப்பாவின் பின்புறம் படியுங்கள்: ஜெலட்டினோ ஸ்டார்ச்சோ சேர்த்துக் கெட்டியாக்கியது என்றால் இரண்டு நாள் கட்டி வைத்தாலும் அது தண்ணீரை விடாது.

எண்ணெயில் ஊறப்போடுவது பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். பொடி புரட்டாத உருண்டைகளை ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூழ்க எண்ணெய் ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஆலிவ் எண்ணெய் குளிரில் உறைந்து வெள்ளையாகும், கெட்டுவிடவில்லை. அரை மணி நேரம் வெளியே வைத்தால் இளகும். நல்லெண்ணெய் வேண்டாம், தயிரின் சுவையை முழுக்க விழுங்கிவிடும். ஒருவர் பச்சைப் பூண்டும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டதாக எழுதியிருந்தார். பூண்டை உடனே எடுத்துவிடச் சொன்னேன் என்பதல்ல, பாட்டிலையே கொட்டச் சொன்னேன். காற்றுப் புகாத எண்ணெயில் பச்சைப் பூண்டு கிடந்தால் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்பு உண்டு. நிறமோ வாடையோ அதைக் காட்டிக்கொடுக்காது. பூண்டு மணம் வேண்டுமென்றால் பரிமாறும் நேரத்தில் சேருங்கள்.

இன்னொரு வாசகி, எல்லாம் சொன்னபடியே செய்தேன், ஆனால் உருண்டையில் பலாப்பழ வாசனை வருகிறது என்று எழுதியிருந்தார். அரை நாள் யோசித்தேன். பிறகு ஃபிரிட்ஜில் வேறு என்ன இருந்தது என்று கேட்டேன். மேல்தட்டில் திறந்த கிண்ணத்தில் பலாச்சுளை இருந்ததாம். திறந்து வைத்த தயிர் பக்கத்தில் உள்ள வாசனையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அந்த மூன்று நாளும் ஃபிரிட்ஜில் பலா, கருவாடு, நறுக்கிய வெங்காயம் எதுவும் திறந்திருக்கக் கூடாது. அவர் வீட்டுப் பிள்ளைகள் அந்த உருண்டையைத்தான் மறுபடியும் கேட்கிறார்களாம். அதற்கு என்னிடம் செய்முறை இல்லை.