கேட்டில் நின்றுபோகும் கன்டெய்னர்கள்: தூத்துக்குடி வழி அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் கப்பலைத் தவறவிட்ட ஒரு கன்டெய்னரின் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் துறைமுகத்துக்கு வெளியிலேயே தொடங்கியிருக்கும். திருப்பூரில் பெட்டி அடுக்கிய இரவிலோ, காங்கேயத்தில் கரி மூட்டை கட்டிய அன்றோ, அலுவலகத்தில் யாரோ அவசரத்தில் ஓர் எண்ணை மாற்றித் தட்டியபோதோ. கேட்டில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் இங்கே கிரேன், பெர்த் பற்றிய பேச்சு குறைவு. லாரி கிளம்புவதற்கு முன் நடப்பவைதான் அதிகம்.

கப்பல் தேதியை வைத்துக் கணக்குப் போடுவது

தூத்துக்குடி கன்டெய்னர்களில் கணிசமானவை ஃபீடர் என்ற சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய தாய்க்கப்பலுக்கு மாறுகின்றன. ஃபீடர் தவறினால் போவது ஒரு கப்பல் மட்டுமல்ல, கொழும்பில் காத்திருக்கும் இணைப்பும்தான். ஐரோப்பாவுக்குப் போகும் துணிக்கு அது ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

"கப்பல் சனிக்கிழமைதானே, வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி உள்ளே போனால் போதும்" என்று திட்டமிடுவதே முதல் தவறு. நீங்கள் பார்க்க வேண்டியது கப்பல் தேதியை அல்ல, மூன்று கட்-ஆஃப், அதாவது கெடு நேரங்களை: பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) விவரம் கொடுக்கும் நேரம், விஜிஎம் (பெட்டியின் சரிபார்த்த மொத்த எடை) கொடுக்கும் நேரம், கேட் மூடும் நேரம். மூன்றும் வேறு வேறு. கேட் திறந்திருக்கும்போதே விஜிஎம் நேரம் முடிந்துபோவது சாதாரணம். பெட்டி யார்டுக்குள் வந்தாலும், கஸ்டம்ஸ் 'லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர்' என்ற ஏற்றுமதி அனுமதி தராமல் கப்பலில் ஏறாது. வண்டி உள்ளே போய்விட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

அடுத்தது, எந்தத் துறைமுகம், எந்த டெர்மினல் என்ற குழப்பம். தூத்துக்குடியிலேயே தக்ஷிண் பாரத் கேட்வே, ஜே.எம். பக்ஷி என்று தனித்தனி டெர்மினல்கள். ஒன்றுக்கு எடுத்த ஃபார்ம் 13 என்ற கேட் நுழைவுச் சீட்டு மற்றொன்றில் செல்லாது. சென்னைப் பக்கம் இது இன்னும் மோசம். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றுக்கும் தனித்தனி கஸ்டம்ஸ் குறியீடு. கப்பல் கம்பெனி கடைசி நேரத்தில் சென்னையிலிருந்து காட்டுப்பள்ளிக்கு மாற்றியிருக்க, ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் ஏற்றுமதி ஆவணம்) பழைய குறியீட்டிலேயே கிடந்தால் வண்டி வாசலில் நிற்கும், திருத்த மனுவோடு சிஎச்ஏ, அதாவது கஸ்டம்ஸ் முகவர், அலைவார். புக்கிங் மின்னஞ்சல் திருத்தி வரும் ஒவ்வொரு முறையும் துறைமுகம், டெர்மினல், கப்பல் பெயர், வாயேஜ் (பயண) எண் நான்கையும் மறுபடி ஒப்பிடுங்கள்.

காலிப் பெட்டியைப் பார்க்காமல் எடுத்து வருவது

டிப்போவில் டிரைவர் கையெழுத்துப் போட்டு எடுத்து வரும் காலிக் கன்டெய்னரை ஆலையில் ஒருவராவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. உள்ளே ஆள் நிற்க, வெளியிலிருந்து கதவை மூடச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் கூரையிலோ மூலையிலோ புள்ளியாக ஒளி தெரிந்தால் அதன் வழியே மழையும் வரும். கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா, தரைப் பலகையில் ஆணி நீட்டியிருக்கிறதா, முந்தைய சரக்கின் எண்ணெயோ மசாலா வாசமோ இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்த தரை இருந்தால் திருப்பி அனுப்புங்கள். தயக்கமே வேண்டாம். பெட்டி வாங்கும்போது இருந்த அடி, நசுங்கல் எல்லாம் டிப்போ ரசீதில் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

வலது கதவில் எழுதியிருக்கும் காலி எடையை அப்போதே படம் எடுத்து வையுங்கள். அதற்கான தேவை அடுத்ததில் வருகிறது.

விஜிஎம்: மூன்று விதத்தில் தப்பாகும் ஒரு கணக்கு

2007 ஜனவரியில் இங்கிலீஷ் கால்வாயில் உடைந்த எம்எஸ்சி நேப்போலி கப்பலின் தளத்தில் இருந்த 660 கன்டெய்னர்களைப் பிறகு எடைபோட்டார்கள். அவற்றில் 137 பெட்டிகளின் எடை, சொன்ன எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் விலகியிருந்தது. இப்படிப்பட்ட விபத்துகளின் பின்னணியில்தான் 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க சரிபார்த்த மொத்த எடை, அதாவது விஜிஎம், கட்டாயமானது. அது இல்லாமல் கப்பலில் ஏற்றக் கூடாது.

எடுக்க இரண்டு வழி: சரக்கு அடைத்து சீல் வைத்த பெட்டியை எடைமேடையில் ஏற்றுவது ஒன்று, ஒவ்வொன்றாகக் கூட்டுவது மற்றொன்று. கூட்டும் வழிக்கு ஒரு மாதிரிக் கணக்கு:

சரக்கின் நிகர எடை 21,450 கிலோ
அட்டைப்பெட்டிகள் 620 கிலோ
பாலெட் 20, தலா 18 கிலோ: 360 கிலோ
கட்டுவார், மரக்கட்டை, காற்றுப்பை: 40 கிலோ
கன்டெய்னரின் காலி எடை 2,230 கிலோ
மொத்தம் 24,700 கிலோ

முதல் தவறு, சரக்கு எடையை மட்டும் விஜிஎம் என்று அனுப்புவது. இன்வாய்ஸில் இருக்கும் எடை அப்படியே வந்துவிடும், 2 டன்னுக்கு மேல் காணாமல் போகும். இரண்டாவது, காலி எடைக்கு 'பொதுவாக 2,200' என்று ஒன்றைப் போட்டுவிடுவது. பெட்டிக்குப் பெட்டி அது மாறும். கதவில் உள்ளதுதான் கணக்கு. மூன்றாவது எடைமேடையில் நடப்பது: 20 அடிப் பெட்டி இரண்டை ஒரே டிரைலரில் ஏற்றி மொத்தமாக எடைபோட்டு இரண்டால் வகுப்பது. இரண்டையும் தனித்தனியாகத்தான் எடைபோட வேண்டும். லாரி, டிரைலர், டீசல் எடையைக் கழிக்கவும் மறக்கக் கூடாது.

மொத்தம் எதுவானாலும் பெட்டியின் சிஎஸ்சி தகட்டில் (கதவில் பொருத்திய பாதுகாப்புச் சான்றுத் தகடு) இருக்கும் உச்ச எடையைத் தாண்டக் கூடாது. பல பெட்டிகளுக்கு அது 30,480 கிலோ. ஆனால் சாலையில் வண்டிக்கு அனுமதித்த எடை அதற்கு முன்பே முடிந்துவிடும். பெட்டி தாங்கும் என்பதும் சாலை தாங்கும் என்பதும் ஒன்றல்ல.

அடுக்குவதில் வரும் கோளாறுகள்

கிரானைட் போன்ற கனச் சரக்கைப் பெட்டியின் நடுவில் குவித்தால் தரைப் பலகை வளையும். ஒரு பக்கம் குவித்தால் கிரேன் தூக்கும்போது பெட்டி சாயும். நீளத்தில் பாதியில் மொத்த எடையில் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நடைமுறை அளவு. கனமான கல்லை நீளவாட்டில் மரக்கட்டை போட்டு அதன்மேல் வைத்தால் எடை பல குறுக்குச் சட்டங்களுக்குப் பரவும். குறுக்காகப் போட்டால் அந்தப் பயன் கிடைக்காது. கதவுப் பக்கம் காலியிடம் விட்டு மூடுவதும் ஆபத்துதான். கதவு சரக்கைத் தாங்குவதற்காகச் செய்ததல்ல, போய்ச் சேரும் ஊரில் திறப்பவர்மேல் சரிந்து விழும்.

தென்னை நார், நார்க்கழிவுத் தூள், முந்திரி அனுப்புவோருக்குப் பெரிய எதிரி மழை அல்ல, பெட்டிக்குள்ளேயே உண்டாகும் நீர். தூத்துக்குடி வெயிலில் மூடிய பெட்டி குளிர்ந்த கடலுக்குள் போகும்போது சரக்கிலும் மரத்திலும் இருக்கும் ஈரம் ஆவியாகிக் கூரையில் பட்டுச் சொட்டும். ஈரப்பதம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவது நல்லதுதான். ஆனால் சரக்கே ஈரமாக இருந்தால் பை எத்தனை இருந்தாலும் போதாது. பாலெட் மரம் உலர்ந்ததா என்று பாருங்கள், அதில் மரத்துக்குப் பூச்சித்தடுப்பு செய்ததைக் காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேறியதற்கான அடையாளம் அது. உள்ளூர் மரக்கடையில் வாங்கிய ஒரே ஒரு குறுக்குக் கட்டையில் முத்திரை இல்லாததற்காக முழுப் பெட்டியும் போய்ச் சேர்ந்த நாட்டில் தடுக்கப்படலாம்.

இறால் பெட்டி: கழித்தல் குறி எங்கே?

ரீஃபர், அதாவது குளிர்பதனக் கன்டெய்னர், சரக்கைக் குளிர்விக்கும் இயந்திரம் என்று நினைப்பதுதான் மூலத் தவறு. அது குளிரைக் காப்பாற்றும், உருவாக்கித் தராது. மைனஸ் 18-ல் இருக்க வேண்டிய இறாலை மைனஸ் 10-ல் ஏற்றினால், கடல் முழுக்க அது மெல்ல மெல்ல இறங்க முயன்றுகொண்டிருக்கும். அதற்குள் தரம் போய்விடும்.

திறந்தவெளியில் ஏற்றுமிடத்தில் காலி ரீஃபரை முன்கூட்டியே குளிர வைப்பது நல்லது என்று பலர் நம்புகிறார்கள். குளிர்ச்சேம்பரும் கதவும் நேராக ஒட்டி மூடும் வசதி இருந்தால் சரி. இல்லையென்றால் கதவைத் திறந்ததும் கடற்கரையின் ஈரக்காற்று உள்ளே பாய்ந்து சுருள் குழாயில் பனியாகப் படியும், காற்றோட்டம் குறையும். ஏற்றும் நேரம் முழுக்க இயந்திரத்தை நிறுத்தி வையுங்கள். பெட்டியின் உட்சுவரில் இருக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேல் ஒரு அட்டைப்பெட்டிகூட வைக்க வேண்டாம், குளிர்காற்று திரும்பிப் போகும் வழி அது. உறைந்த சரக்குக்குக் காற்றுத்துளை மூடியிருக்க வேண்டும். பழத்துக்கு மணிக்கு எத்தனை கனமீட்டர் காற்று வேண்டும் என்று புக்கிங்கில் எழுத வேண்டும். எழுதும்போது '18' என்று விட்டுவிடாமல் 'மைனஸ் 18 செல்சியஸ்' என்று முழுதாக எழுதுங்கள். ஒரு சின்னக் கோடு விடுபட்டதால் பிளஸ் 18-ல் ஓடிய பெட்டியை எந்த இன்ஷூரன்ஸும் எளிதில் ஏற்காது.

தொட்டிக் கரிக்குப் புது விதி

தேங்காய்த் தொட்டிக் கரி அனுப்புவோர் இதை நிறுத்திப் படிக்க வேண்டும். சோதனைச் சான்று காட்டி 'ஆபத்தற்ற சரக்கு' என்று அனுப்பும் வழி முன்பு இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் கட்டாயமான ஐஎம்டிஜி (கடல்வழி ஆபத்துச் சரக்கு விதித்தொகுப்பு) திருத்தத்தில் அது போய்விட்டது. கரி இனி 4.2 வகுப்பு, ஐ.நா. எண் 1361, தானே சூடேறும் பொருள். பழைய சான்றை இணைத்து அனுப்பினால் மறைத்ததாகவே கொள்ளப்படும்.

உற்பத்திக்குப் பின் 14 நாள் காற்றாட விட்டிருக்க வேண்டும். மூட்டை கட்டும் நாளில் கரியின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. உற்பத்தி நாள், மூட்டை கட்டிய நாள், அன்றைய வெப்பம் மூன்றும் ஆவணத்தில் வர வேண்டும். கன்டெய்னருக்குள் மேலே 30 சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். அடுக்கு 1.5 மீட்டருக்கு மேல் போனால் 16 கனமீட்டருக்கு மிகாத தொகுதிகளாகப் பிரித்து இடையில் 15 சென்டிமீட்டர் விட வேண்டும். இடத்தை வீணாக்குவதாகத் தோன்றும். சூடு வெளியேற அந்த இடைவெளிதான் வழி. ஆக்டிவேட்டட் கார்பனுக்கு எண் 1362, இரண்டையும் ஒன்றாக எழுதாதீர்கள்.

ஆபத்துச் சரக்கைச் சரியாக மூடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொழும்புக் கடலே சாட்சி. 2021 மே மாதம் எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் 25 டன் நைட்ரிக் அமிலம் இருந்தது. அமிலம் ஒழுகிய பெட்டியைக் கத்தாரின் ஹமாதும் குஜராத்தின் ஹசிராவும் இறக்கிக்கொள்ளவில்லை. கொழும்பு வந்து சேர்ந்த கப்பல் தீப்பிடித்தது.

எண்ணும் சீலும்

கன்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கம் தனிக் கட்டத்துக்குள் இருக்கும். அது சரிபார்ப்பு எண். முன்னுள்ள நான்கு எழுத்துக்கும் அதற்கான பட்டியல்படி ஓர் எண் கொடுத்து, ஆறு இலக்கத்தையும் சேர்த்து, முறையே 1, 2, 4, 8 என்று 512 வரை பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதி அது. மீதி 10 வந்தால் 0. சிஎஸ்க்யூயு 305438 என்ற எண்ணுக்கு 3 வரும். கைதவறி 305483 என்று தட்டினால் 0 வந்தாக வேண்டும், 3 நிற்பதால் தப்பு உடனே தெரியும். கணக்குப் போடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இதைச் சோதிக்கும் இலவசப் பக்கங்கள் உண்டு. பேக்கிங் லிஸ்ட் அடிக்கும் முன் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஆலையிலேயே வைக்கும் மின்சீலில் லாரி எண்ணும் பதிவாகிறது. வழியில் வண்டி பழுதாகி வேறு டிரெய்லருக்கு மாற்றினால் சிஎச்ஏவுக்குச் சொல்லாமல் விடக் கூடாது. சீல் எண் காகிதத்தில் ஒன்றும் பெட்டியில் ஒன்றுமாக இருந்தால் திறந்து சோதிப்பார்கள்.

இந்த எண் தவறுகள் கப்பல் போன பின்னும் துரத்தும். கப்பல் கம்பெனி தாக்கல் செய்யும் இஜிஎம் என்ற ஏற்றுமதிச் சரக்குப் பட்டியலில் பெட்டி எண் ஷிப்பிங் பில்லோடு பொருந்தாவிட்டால் ஏற்றுமதிக்குக் கட்டிய ஐஜிஎஸ்டி வரியின் ரீஃபண்ட் நிற்கும். ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-ல் போட்ட இன்வாய்ஸ் எண்ணும் ஷிப்பிங் பில்லில் உள்ளதும் வேறாக இருந்தால் எஸ்பி005 என்ற பிழை வரும். நடுவில் ஒரு சாய்கோடு கூடுதலாக இருந்தாலே போதும்.

இறக்குமதியாளருக்கு

பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது கஸ்டம்ஸுக்கான இறக்குமதி ஆவணத்தை, சரக்கு வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். தாமதித்தால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அதன் பிறகு தினம் 10,000. இலங்கையிலிருந்து வருவது போன்ற குறுந்தூரச் சரக்குக்கு வரும் நாளே கெடு.

டெர்மினல் வாடகையும் பெட்டியை வைத்திருப்பதற்குக் கப்பல் கம்பெனி வாங்கும் டிடென்ஷன் கட்டணமும் தனித்தனியாக ஓடும் இரண்டு மீட்டர்கள். பெட்டியை டெர்மினலிலிருந்து வெளியே எடுத்ததும் முதலாவது நிற்கும், இரண்டாவது காலிப் பெட்டி டிப்போவில் இறங்கும் வரை ஓடும். ஞாயிறும் பொங்கலும் அதற்கு விடுமுறை அல்ல என்றுதான் பல கட்டண விதிகள் சொல்கின்றன. எந்த டிப்போவில் இறக்க வேண்டும் என்பதை அன்றைக்கே கேட்டு எழுதி வாங்குங்கள். தப்பான டிப்போவுக்குப் போன வண்டி திரும்பி வரும் வரை டிடென்ஷன் ஏறிக்கொண்டேயிருக்கும். இறக்கிய ரசீதைக் கையில் வாங்காமல் டிரைவர் கிளம்பக் கூடாது. இரண்டு மாதம் கழித்து வரும் பில்லை மறுக்க உங்களிடம் இருக்கும் ஒரே காகிதம் அதுதான்.