ஸ்கிராபிளில் குட்டி வார்த்தைகள்: நாம் எங்கே கோட்டை விடுகிறோம்?

ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி வார்த்தை கோக்கும் ஸ்கிராபிள் பித்து பிடித்ததும் எல்லாரும் செய்யும் முதல் வேலை, விசித்திரமான குட்டி வார்த்தைகளின் பட்டியலை எடுத்து அகர வரிசையில் நெட்டுருப் போடுவது. நானும் போட்டேன். கேட்டால் தலைகீழாகச் சொல்வேன். ஆட்டத்தில் உட்கார்ந்தால் ஒன்றும் கண்ணில் படாது. வார்த்தையைத் தனியாகப் படித்தால் அப்படித்தான். பலகையில் அது தனியாக வருவதே இல்லையே.

க்யூ, ஐ என்ற இரண்டெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லும்போது 'சீ'. சீன மரபில் உயிராற்றல் என்று பொருள். இது தெரிந்தவர்கள்கூட, க்யூ கைக்கு வந்ததும் யூ வரட்டும் என்று காத்துக்கிடப்பார்கள். 100 கட்டைகளில் யூ நான்கே நான்கு, ஐ ஒன்பது. எதிராளி முந்தி முடித்துவிட்டால் க்யூவின் 10 புள்ளி உங்களிடம் கழிந்து அவரிடம் ஏறும். 20 புள்ளி போச்சு.

இப்போது பலகையில் எஸ், கே, ஐ என்று 'ஸ்கி' குறுக்காகக் கிடக்கிறது. கடைசி ஐ-க்கு நேர் மேலே, எழுத்தின் புள்ளியை மும்மடங்காக்கும் கட்டம் காலி. அதில் க்யூ, அதன் வலப்பக்கம் உங்கள் ஐ. குறுக்கே ஒரு 'சீ', நெடுக்கே ஒரு 'சீ'. க்யூ இரண்டு திசையிலும் 30 ஆகிறது. ஐ-யின் 1 சேர்த்தால் 31-உம் 31-உம் 62. ஏழு கட்டையையும் ஒரே முறையில் இறக்கினால் கிடைக்கும் போனஸே 50 தான்!

அடுத்த தவறு, கொக்கியைக் கவனிக்காதது. ஒரு குட்டி வார்த்தையின் முன்னாலோ பின்னாலோ எந்த எழுத்து ஒட்டும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஐ, எஃப்: இதற்கு எஸ் ஒட்டும். ஓ, எஃப்: ஒட்டாது, எஃப்போ டி-யோதான் ஒட்டும். எஸ்ஸை எதன் வாலிலும் சேர்க்கலாம் என்ற நினைப்பில் முறையைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

அகராதி விஷயத்தில் நானே சூடுபட்டிருக்கிறேன். இசட், ஓ என்று பெருமையாக வைத்தேன். யாக் எருமைக்கும் மாட்டுக்கும் பிறந்த கலப்பினம். எந்த வார்த்தை செல்லும் என்று சொல்லும் காலின்ஸ் பட்டியலில் உண்டு. நாங்கள் ஆடியதோ வட அமெரிக்கப் பட்டியலை வைத்து; அதில் இல்லை. மேலே சொன்ன 'சீ'யே அந்தப் பட்டியலில் 2006-இல்தான் நுழைந்தது. எந்தப் பட்டியல், எந்தப் பதிப்பு என்று முதல் கட்டையை வைப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் க்யூ, இசட் மேல்தான் கண். கட்டைகளில் 42 உயிரெழுத்துகள். கை நிறைய ஏ-யும் ஈ-யும் ஓ-வும் சேர்ந்து தவிக்கும்போது காப்பாற்றுவது சாதுவான வார்த்தைகள்தான். ஏ, ஏ என்பது கரடுமுரடாக உறையும் எரிமலைக் குழம்பு, ஹவாய் மொழிச் சொல். ஏ, ஐ என்பது மூன்று விரல் ஸ்லாத் என்ற விலங்கு. செயற்கை நுண்ணறிவின் சுருக்கம் என்று நினைத்து, செல்லாது என எதிராளி சேலஞ்ச் செய்தால் உங்களுக்கு யோகம்.

உயிரெழுத்தே இல்லாத கை வந்தாலும் பதறி மாற்ற வேண்டாம். சி, டபிள்யூ, எம் ஒரு வார்த்தை: உச்சரிப்பு 'கூம்', மலைச்சரிவில் உள்ள குடைவான பள்ளம். வெல்ஷ் மொழியில் டபிள்யூ உயிரெழுத்தாகவும் நிற்கும். ஒலியை வைத்துத் தேடினால் இது சிக்கவே சிக்காது.

அப்புறம் வி. இரண்டு பட்டியல்களிலும் வி வரும் இரண்டெழுத்து வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. கடைசிவரை அதை வைத்துக்கொண்டிருந்தால் இறக்க இடம் கிடைக்காமல் திண்டாடுவீர்கள். முன்னணியில் இருக்கும்போது, எதிராளி ஒட்டி ஆட நினைக்கும் ஓரத்தில் அதை வைத்துவிடுங்கள். அந்தப் பக்கம் இரண்டெழுத்தில் நுழைய அவருக்கு வழியில்லை.