ரொம்ப நாள் நின்ற பைக்கை உதைப்பதற்கு முன்னால்

காட்பாடி வீட்டில் அப்பாவின் பழைய பைக் ஒன்றரை வருஷம் ஓரமாகவே நின்றது. அப்படி நின்ற வண்டியை எடுத்தவுடன் உதைக்காதீங்க. முதலில் டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை வெட்டவெளியில் வைத்து இறக்கிடுங்க. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அதோடு வேலூர் வெயிலுக்குப் பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசின் மாதிரி கார்புரேட்டர் ஜெட்டில், அதாவது பெட்ரோல் போகும் சின்னத் துளையில், அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். கார்புரேட்டரைக் கழற்றி கிளீனர் அடித்து, ஜெட் துளையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்க. கம்பி விட்டுக் குத்தவே கூடாது, துளை பெரிசாகிவிடும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கால் ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, சாவி போடாமல் மெதுவாகப் பத்து தடவை கிக்கரை அழுத்துங்க. அப்போதுதான் காய்ந்துபோன சிலிண்டரில் பிஸ்டன் ரிங் உரசாது. ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்க. எங்களுடையதில் எலி கூடு கட்டியிருந்தது!