விற்ற ஹெரால்டைத் தேடிப் பிடிப்பது எப்படி?

அப்பா என்றோ விற்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் இப்போது எந்த ஊரில் நிற்கிறது என்று தேடக் கிளம்புகிறவர்களுக்கு இந்தப் பதிவு. அம்பாசடர், பத்மினி தேடுபவர்களுக்கும் வழி ஏறக்குறைய இதேதான். ஹெரால்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது நம் ஊர் வண்டி. 1961-இல் தொடங்கி அந்தப் பத்தாண்டு முழுக்கச் சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூர் பக்கம் தயாரானது.

படி 1: சேஸிஸ் நம்பர்

வண்டி நம்பர் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கும். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வேறு மாநிலத்தில் குடியேறிய வண்டிக்கு அங்கே புது நம்பர் கொடுத்துவிடுவார்கள். இன்ஜின் நம்பரும் உதவாது. பழைய கார்களில் வேறு இன்ஜின் மாற்றிப் போட்டவர்கள் ஏராளம். கடைசிவரை கூடவே வருவது சேஸிஸ் நம்பர்தான், அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்குரிய எண்.

ஆர்.சி. புக் வண்டியோடு போயிருக்கும். பழைய இன்சூரன்ஸ் பாலிசி, கடன் வாங்கி எடுத்த வண்டி என்றால் அந்தக் கடன் பத்திரம் இரண்டிலும் பாருங்கள். பீரோவின் மேல்தட்டு, டிரங்க் பெட்டி எதையும் விடாதீர்கள். அப்படியே ஆல்பத்தையும் எடுத்து வையுங்கள். கல்யாணத்துக்கு மாலை போட்டு நிற்கும் படத்தில் நம்பர் பிளேட் தெரியும். டேஷ்போர்டில் பிள்ளையாருக்காகப் போட்ட துளை, கதவில் ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் பின்னால் சாட்சி சொல்லும்.

படி 2: எம்பரிவாகன்

இது வண்டிப் பதிவு விவரங்களைக் காட்டும் அரசுச் செயலி. அதில் வண்டி நம்பரைத் தட்டிப் பாருங்கள். 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர் என்றால் தகவல் வராமலே போகலாம். வந்தாலும் உரிமையாளர் பெயர் நட்சத்திரக் குறிகளுக்குள் ஒளிந்திருக்கும். பரவாயில்லை, பதிவு எதுவரை செல்லும் என்பதைப் பாருங்கள். 15 ஆண்டு தாண்டிய காருக்கு ஐந்தைந்து ஆண்டாகத்தான் புதுப்பிப்பார்கள். சமீபத்தில் புதுப்பித்திருந்தால் யாரோ அதை ஆசையாக வைத்திருக்கிறார்கள்.

படி 3: ஆர்.டி.ஓ. அலுவலகம்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டால், தனிநபர் விவரம் என்று மறுத்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: இந்த வண்டிக்கு என்.ஓ.சி. (வேறு அலுவலகத்துக்கு மாற்றத் தரும் தடையில்லாச் சான்று) கொடுக்கப்பட்டதா? எந்த ஆண்டில், எந்த அலுவலகத்துக்கு? பதிவு ரத்தாகிவிட்டதா? ஊர் பெயர் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. சில சமயம் வண்டி இன்னும் அப்பா பெயரிலேயே இருப்பது தெரியவரும். அப்படியானால் தேடுவது ஆசை மட்டுமில்லை, அவசியமும்கூட. விபத்து நடந்தால் நஷ்டஈட்டுக்குப் பதிவு உரிமையாளரைத்தான் பிடிப்பார்கள்.

படி 4: ஆட்களிடம் கேளுங்கள்

என்னைக் கேட்டால் உண்மையான தேடல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த ஊரில் பழைய டிங்கரிங் பட்டறை எது என்று விசாரியுங்கள். ஹெரால்டுக்கு உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருப்பார்கள். சென்னையில் புதுப்பேட்டைக் கடைகள், மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப், சினிமாவுக்குப் பழைய கார் வாடகைக்கு விடுபவர்கள் என்று ஒரு சுற்று வாருங்கள். ஃபேஸ்புக்கில் போட்டால் படமும் பழைய நம்பரும் போதும். சேஸிஸ் நம்பரை வெளியே விடாதீர்கள். "இதுதான் உங்கள் வண்டி" என்று யாராவது வந்தால் சோதிக்க உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

படி 5: நேரில் பார்ப்பது

ஹெரால்டின் பானட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். இன்ஜின் அறை முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். சேஸிஸ் நம்பர் தகட்டைப் பார்க்கும்போது அதன் ஸ்க்ரூக்களையும் பாருங்கள். சுற்றியுள்ள பெயின்ட் பழசாகவும் ஸ்க்ரூ மட்டும் பளபளவென்றும் இருந்தால் சந்தேகப்படலாம். இந்தக் காரில் பாடி தனி, சேஸிஸ் தனி, போல்ட் போட்டு இணைத்தது. இரண்டு வண்டியை ஒன்றாக்குவது சுலபம். அதனால் தகட்டைப் பார்த்த கையோடு ஆல்பத்துப் படத்தை வைத்துப் பாடியிலும் அடையாளம் தேடுங்கள்.

படி 6: பேச்சு

முதல் நாளே விலை கேட்காதீர்கள். பழைய படத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவருக்கும் வண்டியின் கதை வேண்டும். விற்கச் சம்மதித்தால், வண்டி விண்டேஜ் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். 2021-இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு அந்தப் பதிவு கிடைக்கும், நம்பரில் 'வி.ஏ.' என்று இருக்கும். அந்த வண்டியை தினசரி ஆபீஸுக்கு ஓட்டிப்போக அனுமதி இல்லை. அப்புறம், பணம் கைமாறும் அன்றே, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.