மாவட்டத் தரவை ஒப்பிடும் முன்

மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்திலிருந்து தமிழ்நாட்டு மாவட்டக் கணக்கை இறக்கி எக்செலில் ஒட்டப் போகிறீர்களா, முதலில் அது எந்த ஆண்டுக் கணக்கு என்று பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்தவை 32 மாவட்டங்கள், இப்போது 38. 2011 கணக்கில் திருநெல்வேலிக்கு 30 லட்சத்துக்கு மேல் மக்கள் என்று இருக்கும். 2019-இல் பிரிந்த தென்காசியும் அதற்குள்தான் அடக்கம். இது தெரியாமல் புதிய கணக்கை அதன் பக்கத்தில் வைத்தால் நெல்லையே பாதி காலியாகிவிட்டதுபோலத் தெரியும்! புதிய கணக்கில் இரண்டையும் கூட்டிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். பெயரை வைத்து மட்டும் வரிசைகளை இணைக்காதீர்கள், ஒரு கோப்பில் தூத்துக்குடி, இன்னொன்றில் டூட்டிகோரின். மாவட்டக் குறியீட்டு எண் இருந்தால் அதுவே நல்லது.