துணைவகை விதியில் அம்புக்குறி திரும்பும் இடம்: காகிதத்தில் போட்டுப் பார்ப்போம்

கிளாஸ் எழுதுவதும், ஒன்றிலிருந்து இன்னொன்றை வருவிப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு அடியில் இருக்கும் வகைக் கோட்பாட்டிலிருந்து ஒரே ஒரு விதியைக் கையால் போட்டுப் பார்க்கப் போகிறோம். லேப்டாப்பை மூடிவையுங்கள், பென்சில் போதும்.

படி 1: வண்டி, பஸ், மின்சார பஸ் என்று மூன்று வகைகள். ‘பஸ் <: வண்டி’ என்று எழுதுங்கள். ‘வண்டி கேட்கும் இடத்தில் பஸ்ஸைக் கொடுக்கலாம்’ என்று அதைப் படியுங்கள். பஸ், வண்டியின் துணைவகை (சப்டைப்) என்பதற்கு இதுதான் பொருள். ‘வண்டியிலிருந்து பஸ் பிறந்தது’ என்று படிக்க வேண்டாம். அது மரபுரிமை; நார்வேக்காரர்களான தாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 என்ற நிரல்மொழியிலேயே இருந்தது. மரபுரிமையும் துணைவகையும் ஒன்றல்ல என்பதை குக், ஹில், கேனிங் மூவரும் 1990-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பாகவே வைத்துவிட்டார்கள்.

படி 2: திருப்பித் தரும் மதிப்பு. அம்புக்குறிக்கு இடப்பக்கம் ஃபங்ஷன் வாங்குவது, வலப்பக்கம் அது தருவது. ‘எண் → பஸ்’ <: ‘எண் → வண்டி’. வண்டிக்குக் காத்திருப்பவருக்கு பஸ் கிடைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மேலே போவோம்.

படி 3: உள்ளே வாங்கும் மதிப்பு. இங்கே அவசரப்படாதீர்கள், லேசில் பிடிபடாத இடம் இது. வடபழனி பணிமனைக்கு பஸ் பழுதுபார்க்க ஓர் ஆள் தேவை. அந்தத் தேவையை ‘பஸ் → ரசீது’ என்று எழுதுவோம். இருவர் வருகிறார்கள். ஒருவருக்கு எந்த வண்டியும் அத்துப்படி: ‘வண்டி → ரசீது’. மற்றவருக்கு மின்சார பஸ் மட்டுமே தெரியும்: ‘மின்சார பஸ் → ரசீது’. மின்சார பஸ்ஸும் பஸ்தானே, இரண்டாமவரை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். முதல் டீசல் பஸ் உள்ளே நுழைந்ததுமே அவர் கையை விரித்துவிடுவார். எடுக்க வேண்டியவர் முதலாமவர். ஆகவே,

‘வண்டி → ரசீது’ <: ‘பஸ் → ரசீது’

பஸ் <: வண்டி என்றிருந்தது இங்கே தலைகீழாகிவிட்டது. மனப்பாடம் செய்யாமல் ஒரே கேள்வி கேளுங்கள்: மதிப்பை யார் கொடுக்கிறார்கள்? ஃபங்ஷன் கொடுக்கிறது என்றால் வகை குறுகலாம். அழைப்பவர் கொடுக்கிறார் என்றால் வகை விரியலாம், குறுகக் கூடாது. கணினி விஞ்ஞானி லூக்கா கார்டெல்லி 1984-இல் எழுதிய விதியும் இதுதான். ஐஃபல் மொழி உள்ளீட்டு வகையையும் குறுக விட்டது. அதனால் விழும் ஓட்டையை 1989-இல் குக் எடுத்துக்காட்டினார்.

படி 4: அர்ரே. அதிலிருந்து எடுக்கவும் செய்கிறோம், அதில் போடவும் செய்கிறோம். எடுப்பது படி 2, போடுவது படி 3. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் எந்தப் பக்கமும் நகர முடியாது. ஆனால் ஜாவா, பஸ் அர்ரேயை வண்டி அர்ரே என்று ஏற்றுக்கொள்கிறது. அதில் ஓர் ஆட்டோவைப் போட்டால் கம்பைலர் வாய் திறக்காது. ஓடும்போதுதான் ‘அர்ரே ஸ்டோர் எக்செப்ஷன்’ வந்து விழும். வகையைப் பிறகு நிரப்பிக்கொள்ளும்படி பொதுவாக எழுதவிடும் ஜெனரிக்ஸ், ஜாவாவுக்கு 2004-இல்தான் வந்தது. அதற்கு முன் எல்லா அர்ரேக்களுக்கும் பொதுவான ஃபங்ஷன் எழுத இந்தச் சலுகை தேவைப்பட்டது. காரணம் புரிகிறது, பிடிக்கத்தான் இல்லை.

இப்போது லேப்டாப்பைத் திறக்கலாம். இதைச் செய்து பார்க்க கோட்லின் மொழியைத்தான் சொல்வேன். உலாவியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். அதில் ‘அவுட்’ என்ற சொல் படி 2-ஐயும் ‘இன்’ என்ற சொல் படி 3-ஐயும் அப்படியே காட்டுகின்றன. ஜாவாவில் இதே வேலைக்கு இருக்கும் கேள்விக்குறி வைல்ட்கார்டுகளைப் புதியவர்கள் தொடவே வேண்டாம்.

சேர்க்கை: டைப்ஸ்கிரிப்டில் இரண்டாம் மெக்கானிக்கையும் கம்பைலர் ஏற்றுக்கொள்கிறதே என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். 2.6 பதிப்பில் வந்த ‘ஸ்ட்ரிக்ட் ஃபங்ஷன் டைப்ஸ்’ அமைப்பை இயக்குங்கள். அதன் பிறகும், மெத்தட் வடிவில் அறிவித்தவற்றுக்கு அது விலக்கு அளிக்கிறது. அம்புக்குறியுள்ள ஃபங்ஷன் வகையாக மாற்றி எழுதினால் பிழை காட்டும்.

இன்னொரு சேர்க்கை: ஜாவாவில் துணை கிளாஸின் மெத்தடில் உள்ளீட்டை பஸ்ஸிலிருந்து வண்டியாக விரித்தால் பழைய மெத்தடே ஓடுகிறது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். விதிப்படி அது பாதுகாப்பானதுதான். ஆனால் ஜாவா அதை ஓவர்ரைடு என்று கருதாது, அதே பெயரில் இன்னொரு மெத்தட் என்றே எடுத்துக்கொள்ளும். மெத்தடின் தலையில் ‘ஓவர்ரைடு’ குறிப்பைப் போட்டுவையுங்கள். கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும்.