மலைப் படங்களை மொத்தமாகச் சிறிதாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஒரு காலைப் பொழுது நடந்து வந்தாலே கேமராவில் நூற்றுக்கணக்கில் படம் சேர்ந்துவிடும். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒவ்வொன்றும் 6000-க்கு 4000 பிக்சல். ஹோம்ஸ்டேயின் இணையதளத்தில் போட 1600 பிக்சலே தாராளம். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் இருந்தால் ஒற்றை வரி ஸ்கிரிப்டில் அத்தனையையும் சிறிதாக்கிவிடலாம். அந்த வரியில் பிழை இருந்தால் அதுவும் அத்தனை படத்திலும் விழும்.

பெரிய ஆபத்து, ஒரிஜினல் இருக்கும் ஃபோல்டரிலேயே இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கமாண்டை ஓட்டுவதுதான். அது புதுப் படம் உண்டாக்காது, பழைய படத்தின் மேலேயே எழுதிவிடும். ‘செய்யட்டுமா?’ என்று கேட்காது, ரீசைக்கிள் பின்னிலும் எதுவும் மிஞ்சாது. கொடைக்கானலில் 2018-ல் பூத்த குறிஞ்சியை எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்றால், அது மறுபடி பூக்க 12 ஆண்டு ஆகும். அதனால் ‘பாத்’ ஆப்ஷனில் வேறு ஃபோல்டரைக் காட்டுங்கள். அந்த ஃபோல்டரை நீங்களே முன்கூட்டி உருவாக்கியிருக்க வேண்டும். முதலில் நாலைந்து படத்தின் நகலை வைத்து ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

அடுத்தது ‘ஸ்ட்ரிப்’ ஆப்ஷன். படத்துக்குள் ஒளிந்திருக்கும் தகவல்களை இது உதறிவிடும். காட்டு ஆர்க்கிட் இருக்கும் இடமும் பறவைக் கூடு இருக்கும் மரமும் ஜிபிஎஸ் எண்ணாக வெளியே போகாமலிருக்க, இணையத்தில் ஏற்றும் படங்களுக்கு இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன். ஆனால் வரிசை முக்கியம். கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்தோம் என்ற குறிப்பும் அதே தகவலில்தான் இருக்கிறது. அந்தக் குறிப்பைப் பார்த்துப் படத்தைத் திருப்பிவைக்கும் ‘ஆட்டோ ஓரியன்ட்’ முதலில் வராவிட்டால் கேத்தரின் அருவி படுக்கைவாட்டில் ஓடும். நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் வண்ண ப்ரொஃபைலும் ஸ்ட்ரிப்போடு போய்விடும். அடோபி ஆர்ஜிபி என்ற வண்ண முறையில் எடுத்த படமாக இருந்தால் தேயிலைத் தோட்டத்தின் பச்சை வெளிறித் தெரியும். முதலில் இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி முறைக்கு மாற்றுங்கள், அப்புறம் ஸ்ட்ரிப்.

அளவுக்குப் பின்னால் > குறி போட்டால், பெரிய படம் மட்டும் சுருங்கும், ஏற்கெனவே சிறிதாக இருப்பதை இழுத்துப் பெரிதாக்காது. இதை இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் கமாண்டைப் படித்து ஓட்டும் ஷெல் அதை ‘ஃபைலில் எழுது’ என்று எடுத்துக்கொள்ளும், அடுத்து எழுதிய பெயரில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தால் அது காலி.

ஜேபெக் தரத்தை 60-க்கு இறக்கினால் ஃபைல் சிறிதாகும், சரி. ஆனால் கோடநாடு காட்சிமுனையிலிருந்து எடுத்த பனிமூட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மெதுவாக மங்க வேண்டிய சாம்பல் நிறம் கட்டம் கட்டமாக, படிப் படியாக நிற்கும். மூடுபனிப் படங்களுக்கு 85-க்குக் கீழே போகாதீர்கள். சிறிதாக்கிய படத்தையே மறுபடி சிறிதாக்கவும் வேண்டாம், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் தரம் போகும். எப்போதும் ஒரிஜினலிலிருந்தே தொடங்குங்கள்.

ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தால் ஸ்கிரிப்ட் அதை இரண்டு பெயராகப் படிக்கக்கூடும், அங்கும் மேற்கோள் வேண்டும். பல கேமராக்கள் ஃபைல் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்பதைப் பெரிய எழுத்தில் எழுதும். லினக்ஸில் சிறிய எழுத்தில் மட்டும் தேடினால் அந்தப் படங்கள் சத்தமில்லாமல் விட்டுப்போகும். வேலை முடிந்ததும் இரண்டு ஃபோல்டரிலும் எத்தனை ஃபைல் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.